உஷார்! துறுதுறு பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் வகுப்பறையைப் பாருங்கள்

அட்மிஷன் சீசன் வந்துவிட்டது. தெருமுனை பேனர், பேருந்தின் முதுகில் விளம்பரம், வாட்ஸ்அப்பில் வீடியோ என்று எங்கு திரும்பினாலும் பள்ளிகள் கூவி அழைக்கின்றன. இந்த நேரத்தில் மிக எளிதாக ஏமாறக்கூடியவர்கள் யார் தெரியுமா? ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்ட, அல்லது இருக்குமோ என்று பயந்துகொண்டிருக்கிற, நாலு முதல் ஏழு வயதுப் பிள்ளையின் பெற்றோர். "உங்க பையனால மத்த பசங்க படிக்க முடியல" என்று ஒரு பள்ளியில் கேட்டுக் கேட்டு நொந்து, அடுத்த பள்ளியின் வாசலில் நிற்பவர்கள் அவர்கள். பதற்றத்தில் நிற்பவரிடம் எதையும் விற்றுவிடலாம். விற்கிறார்கள்.

தவறான பள்ளியில் சேர்த்தால் போவது கட்டணம் மட்டும் இல்லை. எழுத்தும் எண்ணும் ஒரு வருடம் பின்தங்கினால் பிடித்துவிடலாம். "நான் கெட்ட பையன்" என்று ஐந்து வயதில் ஒரு குழந்தை நம்பத் தொடங்கிவிட்டால், அதை அதன் மனதிலிருந்து எடுப்பது மிகக் கடினம். ஆகவே, ரசீது வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் அடிப்படை ஒன்று. உலக அளவில் ஏறத்தாழ 5 சதவீதக் குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. 40 பேர் உள்ள வகுப்பில் சராசரியாக இரண்டு பேர். "எங்ககிட்ட இந்த மாதிரிப் பிள்ளைங்களே கிடையாது" என்று ஒரு பள்ளி பெருமையாகச் சொன்னால், ஒன்று அவர்களுக்கு அடையாளம் காணத் தெரியவில்லை. இல்லையென்றால் அப்படிப்பட்ட பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டுமே உங்களுக்கு ஆபத்துதான்.

உஷார் 1: பள்ளி குத்தும் முத்திரை

"ஹைப்பர் சைல்டுங்க இவன்" என்று ஒரு மிஸ் சொல்லிவிட்டால் அது நோயறிதல் ஆகாது. இணையத்தில் பத்துக் கேள்விகளுக்கு டிக் அடிப்பதும் ஆகாது. மருத்துவர்கள் பின்பற்றும் வரையறைப்படி, அறிகுறிகள் குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் ஆட்டம், வீட்டிலும் விளையாட்டுத் திடலிலும் எந்தத் தொல்லையும் இல்லை என்றால், முதலில் அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

காது, கண் பரிசோதனை முடிந்ததா? பிள்ளை சரியாகத் தூங்குகிறதா, குறட்டை விடுகிறதா? சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்புவது கனவு காண்பதாக இல்லாமல் ஒரு வகை வலிப்பாகவும் இருக்கலாம். கற்றல் குறைபாடு, பயம், வீட்டில் நடக்கும் சண்டை எல்லாமே கவனக்குறைவாக வெளிப்படும். இவற்றை விலக்கிய பிறகே மருத்துவர் பெயர் சூட்டுவார்; பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று தனித்தனிப் படிவம் கொடுத்துத்தான் கேட்பார்.

வயதையும் கவனியுங்கள். செப்டம்பர் 1 என்று வயது வரம்பு வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. அங்கே வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்ட் மாதக் குழந்தைகள், மூத்தவர்களான செப்டம்பர் மாதக் குழந்தைகளைவிட 34 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று முத்திரை பெற்றிருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வயது சின்னப் பிள்ளையின் குழந்தைத்தனத்தைக் குறைபாடு என்று எண்ணிவிட்டார்கள். நம் ஊரில் ஒரு வருடம் மிச்சம் என்று இரண்டரை வயதில் பள்ளியில் தள்ளுகிறோம். 5 முடிந்ததும் 1-ஆம் வகுப்பு. உங்கள் பிள்ளை வகுப்பில் இளையதா? ஒரு வருடம் பொறுத்துச் சேர்ப்பதில் எந்த அவமானமும் இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 கூட 1-ஆம் வகுப்புக்கு 6 வயது என்றுதான் சொல்கிறது.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. "ஆம்பளப் பசங்கன்னா அப்படித்தான்" என்று தள்ளிப்போடுவது. பெண் குழந்தை என்றால் இன்னும் மோசம். ஓடாது, குதிக்காது, ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. "மந்தம்" என்று ஒரு பெயரோடு வருடங்கள் ஓடிவிடும்.

உஷார் 2: "கண்டிப்பான ஸ்கூல்ல போட்டா சரியாயிடும்"

சொந்தக்காரர்கள் தரும் அறிவுரைகளில் இதுதான் மிகக் கொடியது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் பல ஆண்டுகள் மூளை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டு, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளைப் புறணியின் பாதிப் பகுதி முழுத் தடிமனை எட்டும் சராசரி வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை, ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குப் பத்தரை. தன்னைக் கட்டுப்படுத்துவதற்கும் திட்டமிடுவதற்கும் உதவும் முன்பகுதியில்தான் இந்தத் தாமதம் அதிகம். வளர்ச்சி அதே பாதையில்தான் போகிறது, தாமதமாகப் போகிறது.

அப்படியிருக்க, 6 வயதில் அசையாமல் உட்காரச் சொல்லி அடிப்பதால் என்ன நடக்கும்? அடங்கும் திறமை வராது. பயமும் பொய்யும் வரும். முட்டி போட வைப்பது, வெளியே நிறுத்துவது, வகுப்பின் முன்னால் கேலி செய்வது எல்லாமே கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு தடை செய்பவை. உடலைத் தண்டிப்பது மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதும் அந்தத் தடைக்குள் வரும்.

இன்னொரு தண்டனை இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. "எழுதி முடிக்கல, அதனால பி.டி. பீரியட் கிடையாது, இன்டர்வெல் கிடையாது." ஓடியாடினால்தான் அடுத்த பாடத்தில் உட்கார முடிகிற பிள்ளையிடமிருந்து ஓட்டத்தைப் பிடுங்குகிறார்கள். எந்தப் பள்ளியில் இது வழக்கமோ அந்தப் பள்ளி வேண்டவே வேண்டாம். சின்ன வயதிலேயே ஹாஸ்டலில் விடும் யோசனையையும் இன்றே கைவிடுங்கள்.

உஷார் 3: 1-ஆம் வகுப்பிலேயே "ஃபவுண்டேஷன்"

ஐ.ஐ.டி., நீட் என்று ஆறு வயதிலேயே ஆரம்பிக்கும் பள்ளிகள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. நீண்ட பள்ளி நேரம், வாரத் தேர்வு, நோட்டு நோட்டாக ஹோம்வொர்க். ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுதுவதே மலை. மாலையில் வீட்டில் இரண்டு மணி நேரம் அழுகை, அடி, அம்மாவின் கண்ணீர். பள்ளி தன் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டு, முடியாதபோது உங்களையே குற்றம் சொல்கிறது.

தெரிந்துகொள்ளுங்கள்: 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கையும் 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. அட்மிஷன் கவுன்ட்டரில் இதைச் சொல்லிப் பாருங்கள். "பேரன்ட்ஸ்தான் கேட்கிறாங்க" என்று பதில் வந்தால், அந்தப் பள்ளி எதற்கு வளைந்து கொடுக்கும், எதற்கு வளையாது என்பது புரிந்துவிடும்.

உஷார் 4: சுதந்திரம் மட்டும் உள்ள பள்ளி

அடி வாங்கிய பிள்ளையின் பெற்றோர் அடுத்து ஓடுவது மாற்றுப் பள்ளிக்கு. தேர்வில்லை, சீருடையில்லை, மரத்தடி வகுப்பு. இதில் நல்லவை இருக்கின்றன. மாண்டிசோரி முறையில் பிள்ளை எழுந்து நடக்கலாம், கையால் தொட்டுக் கற்கலாம், தன் வேகத்தில் போகலாம். இவை ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு வரம்.

ஆனால் அதே முறை, எந்த வேலையை எடுப்பது என்று தானே முடிவு செய்து, தானே தொடங்கி, முடித்து, எடுத்த இடத்தில் வைக்கும்படி பிள்ளையிடம் கேட்கிறது. ஏ.டி.எச்.டி. பிள்ளை தடுமாறுவது சரியாக இந்த இடத்தில்தான். பக்கத்தில் நின்று "இதை எடு, முடித்ததும் என்னிடம் காட்டு" என்று சொல்லும் ஆசிரியர் இல்லையென்றால், காலை முழுவதும் அலமாரிக்கு அலமாரி அலைந்துவிட்டு வீடு திரும்பும். இந்தப் பிள்ளைகளுக்கு அன்பு எவ்வளவு தேவையோ அவ்வளவு ஒழுங்கும் தேவை: தினமும் மாறாத அட்டவணை, தெளிவான இரண்டு மூன்று விதிகள், செய்த உடனே கிடைக்கும் பாராட்டு. இவை இல்லாத சுதந்திரம் அவர்களுக்குக் குழப்பம்தான். பெயர்ப் பலகையில் மாண்டிசோரி என்று போட்டிருப்பதால் மட்டும் உள்ளே மாண்டிசோரி நடக்கிறது என்றும் நம்பிவிடாதீர்கள்.

உஷார் 5: பேக்கேஜ் வியாபாரம்

"நாங்க இன்க்ளூசிவ் ஸ்கூல். ஷேடோ டீச்சர் மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணிக்கணும்." இந்த வாக்கியத்தைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். சில பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலம் தனித்துணை உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் பயிற்சியே இல்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையைக் கைகழுவிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பிள்ளை வகுப்புக்குள்ளேயே தனித்தீவாகிவிடும். யார் அந்தத் துணை, என்ன படித்தவர், எந்தத் திறன் வந்ததும் விலகுவார், வகுப்பாசிரியர் பிள்ளையோடு எப்போது பேசுவார் என்று கேளுங்கள். விலகும் திட்டமே இல்லாத துணை என்றால் அது மாதக் கட்டணம் கறக்கும் வழி.

"மிட்பிரைன் ஆக்டிவேஷன்" என்று கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கும் வித்தையைப் பள்ளி வளாகத்திலேயே விற்றார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. மூளையைக் கூர்மையாக்கும் பொடி, டானிக், "சர்க்கரையை நிறுத்தினால் குணமாகும்" என்ற வாக்குறுதி எதையும் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். இனிப்பை அளவோடு தருவது பொதுவாக நல்லதுதான். ஆனால் சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்று 1995-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

மருந்து விஷயத்தில் பள்ளிக்கு வேலை இல்லை. "மாத்திரை குடுத்தாதான் சேர்த்துக்குவோம்" என்பதும் தவறு. "மாத்திரையெல்லாம் நிறுத்துங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்பதும் தவறு. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சி, 6-க்குப் பிறகு தேவைப்பட்டால் அதோடு மருந்தும் என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான வழிகாட்டுதல். முடிவு குழந்தை மனநல மருத்துவருடையதும் உங்களுடையதும்.

உஷார் 6: "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க"

இப்படிச் சொன்னதும் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டு வந்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது 8-ஆம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டுவதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய் வரை அபராதம்.

சட்டத்தில் இருக்கும் ஓட்டைகளையும் தெரிந்து வைத்திருங்கள். இது 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கான சட்டம், எல்.கே.ஜி. பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு அவ்வளவு உறுதியாக இல்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆகவே ஏ.டி.எச்.டி. என்ற ஒரே காரணத்துக்காக மாற்றுத்திறனாளி சான்றிதழும் அதன் சலுகைகளும் கிடைத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். பல பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடும் கூடவே இருக்கும். எட்டு வயதை ஒட்டி அதற்குத் தனியாகப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பள்ளியோடு பேசுவதை எல்லாம் எழுத்தில் வையுங்கள். வாய்மொழியாக மிரட்டினால், அன்றைக்கே "இன்று நீங்கள் சொன்னது இது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதி மிரட்டல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது; அடி, துன்புறுத்தல் என்றால் 1098.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

ஏ.சி., நீச்சல் குளம், ஸ்மார்ட் போர்டு எதுவும் வேண்டாம். பள்ளி நடக்கும் ஒரு சாதாரண நாளில், உங்கள் பிள்ளை உட்காரப்போகும் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். வகுப்புக்குள் விட மாட்டோம் என்றால் ஜன்னலுக்கு வெளியே நின்றாவது பாருங்கள். அதற்கும் மறுத்தால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

உள்ளே எத்தனை பிள்ளைகள்? தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் அளவு. உட்காராத பிள்ளையை ஆசிரியர் என்ன செய்கிறார்? பெயர் சொல்லிக் கத்துகிறாரா, பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுப் பேசுகிறாரா? ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் எழுத வைக்கிறார்? இருபது கணக்கை ஒன்றாகக் கொடுக்கிறாரா, ஐந்து ஐந்தாகக் கொடுத்துத் திருத்துகிறாரா? நடுவில் எழுந்து நோட்டு விநியோகிக்க, போர்டு துடைக்க என்று அசைவதற்கு வாய்ப்பு உண்டா? அரை மணியில் எத்தனை முறை திட்டினார், எத்தனை முறை பாராட்டினார் என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

பிறகு அட்மிஷன் அதிகாரியிடம் அல்ல, வகுப்பாசிரியரிடமே இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

• இப்படி ஒரு பிள்ளை போன வருடம் உங்கள் வகுப்பில் இருந்ததா? என்ன செய்தீர்கள்?
• பிள்ளையை முன்வரிசையில், ஜன்னலும் கதவும் இல்லாத பக்கம் உட்கார வைப்பீர்களா?
• எழுதி முடிக்காவிட்டால் என்ன ஆகும்?
• தினமும் ஒரு சின்ன அட்டையில் மூன்று விஷயங்களுக்கு டிக் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். இந்த அன்றாட அட்டை ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குப் பலன் தருவதாக ஆய்வுகளில் நிரூபணமான எளிய முறை. "கையைத் தூக்கிவிட்டுப் பேசினான்", "இரண்டு வரி எழுதி முடித்தான்", "யாரையும் தள்ளவில்லை" என்று மூன்றே இலக்குகள். பிள்ளை எளிதில் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். டிக் விழுந்தால் மாலையில் வீட்டில் ஒரு சின்னப் பரிசு: கூடுதலாக ஒரு கதை, பத்து நிமிட சைக்கிள். விழாவிட்டால் திட்டு கிடையாது. நாளை புதிய அட்டை. ஆசிரியருக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கே "டைம் இல்லீங்க" என்றால், உங்கள் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை என்று அர்த்தம்.

மருத்துவர் சொன்னதை மறைத்துச் சேர்க்க வேண்டாம். இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும். அப்போது நம்பிக்கையும் போய்விடும். சொன்னதும் முகம் மாறும் பள்ளியை இப்போதே தெரிந்துகொள்வது லாபம்தானே?

பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியை விட்டுவிடாதீர்கள்

லட்சங்கள் கொடுத்து அலைபவர்கள் அருகிலுள்ள அரசு தொடக்கப் பள்ளியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டு, விளையாட்டு, செயல்பாடு வழியாகக் கற்பிக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து, எழுந்து, குழுவாகச் செய்யும் வகுப்பு இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தக்கூடியது. வட்டார வள மையத்தின் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமும் குரலும் உண்டு.

எல்லா அரசுப் பள்ளியும் ஒன்றல்ல. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்கும் இடங்களும் உண்டு. அங்கேயும் போய் அதே அரை மணி நேரம் உட்கார்ந்து, அதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

மருத்துவ மதிப்பீட்டுக்கும் பெரும் செலவு செய்யத் தேவையில்லை. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனம், மாவட்டங்களில் இயங்கும் தொடக்க இடையீட்டு மையங்கள், பெங்களூரு நிம்ஹான்ஸ் எல்லாம் அரசு நடத்துபவை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் உங்களிடம் விற்க அவர்களிடம் பேக்கேஜ் இல்லை.

சேர்த்த பிறகும் தூங்கிவிடாதீர்கள்

முதல் இரண்டு மாதங்கள் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி ஆரம்பம், "மிஸ்ஸுக்கு என்னைப் பிடிக்காது" என்ற பேச்சு, தம்பியை உட்கார வைத்துக் குச்சியால் மிரட்டும் டீச்சர் விளையாட்டு. இவற்றில் எது தெரிந்தாலும் ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்காமல் அந்த வாரமே பள்ளிக்குப் போங்கள். பேசுங்கள், எழுத்தில் கேளுங்கள், ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். மாறாவிட்டால் கட்டிய பணத்தைப் பார்த்துத் தயங்காமல் மாற்றிவிடுங்கள். அதேசமயம் மார்க் குறைந்தது, கையெழுத்து சரியில்லை என்பதற்காக வருடத்துக்கு ஒரு பள்ளி மாற்றாதீர்கள். பழகிய முகமும் பழகிய அட்டவணையும் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பலம். சிரித்த முகத்தோடு கிளம்பும் பிள்ளைக்கு எழுத்து மெல்ல வந்து சேரும்.

நாளைக்கே பணம் கட்ட வேண்டும் என்று எந்தப் பள்ளியாவது அவசரப்படுத்துகிறதா? "சீட் போயிடும்" என்கிறார்களா? போகட்டும். அந்த அரை மணி நேரமும் நான்கு பதில்களும் கிடைக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.